அம்மாவின் கண்ணுக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா?

சாந்தி, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 79 வயது. போன மாதம் கண் காட்டப் போனபோது, கட்டரக்ட்தான் முற்றியிருக்கும், ஒப்பரேஷன் செய்தால் சரிவரும் என்ற நினைப்பில்தான் போனோம். டொக்டர் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, "கட்டரக்ட் கொஞ்சம்தான். மக்குலா பழுதாகத் தொடங்கியிருக்கு. உலர் வகை, இடைநிலை" என்றார். விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்ன இடம்தான் மக்குலா, வாசிக்கவும் முகம் பார்க்கவும் அதுதான் வேண்டும் என்றும் சொன்னார். சாப்பாடு பற்றிக் கேட்டேன். "கீரை குடுங்கோ" என்றார். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தால் கவுண்டரில் மூன்று மாதத்துக்கான கப்சூல் பெட்டியை எடுத்து நீட்டினார்கள். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று ஒருவரும் விளக்கவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். வாங்கியிருக்க வேண்டுமோ என்று அன்றிலிருந்து மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

இது இப்போது வந்தது இல்லை என்பதுதான் என் வேதனை. ஒரு வருஷத்துக்கு முன்பே, சுளகில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கும்போது அம்மா முகத்தைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்ப்பதைக் கண்டேன். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். பிறகு பேப்பர் வாசிக்கும்போது சொல்லின் நடு எழுத்தை யாரோ அழித்துவிட்டது மாதிரி இருக்கிறது என்றார். கண்ணாடியை மாற்றினோம். அதோடு விட்டுவிட்டோம்.

இப்போது ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அழற்சி உண்டாக்கும் சாப்பாடுதான் காரணமாம். சோற்றை நிறுத்து, தேங்காயை நிறுத்து, பாலை நிறுத்து, விடியற்காலையில் மஞ்சள் தண்ணீர் குடு, இரண்டு மாதத்தில் பார்வை திரும்பும். அவளுக்கும் அம்மா மீது பாசம்தான், தூரத்தில் இருந்து வேறென்ன செய்வாள். ஆனால் 79 வயதுப் பெண்ணிடம் போய்ச் சோற்றையும் தேங்காயையும் நிறுத்து என்றால் அவர் எதைத்தான் சாப்பிடுவது?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டை ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்பா போன பிறகு அம்மா முழுச் சைவம், முட்டையும் தொடுவதில்லை. காலையில் பாண், மாஜரின், ஜாம். மத்தியானம் வெள்ளை அரிசிச் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. நாலு மணிக்கு மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேநீர், இரண்டு மூன்று பிஸ்கட். இரவில் நான் வேலையால் வரும்போது காலி வீதியில் வாங்கி வரும் இடியப்பமோ மரக்கறி ரொட்டியோ. முன்பு இப்படி இல்லை. கிழமைக்கு நாலு நாள் கீரை வறை இருக்கும். அது ஏன் நின்றது என்று இந்தக் கிழமைதான் யோசித்தேன். கீரையை ஆய்ந்து புழு பார்க்க அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. ஒருநாள் சோற்றில் புழு கிடந்தது. அதற்குப் பிறகு அவர் கீரை வாங்கச் சொல்லவே இல்லை. கூச்சப்பட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு உண்மையா? தேங்காயை நிறுத்தத்தான் வேண்டுமா? அந்தக் கப்சூல் தேவையா? எனக்கு 54 வயது, எனக்கும் வருமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பிரகாஷ், கொட்டாஞ்சேனை

அக்கா, அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று எழுதவில்லையே. எங்கள் அப்பாவுக்குப் பார்வை மங்கியபோது வயது என்றே நினைத்தோம். பார்த்தால் சீனியால் விழித்திரை பழுதாகியிருந்தது. அதற்குப் பார்க்கிற வைத்தியம் வேறு. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். மற்றது, மூன்று கரண்டி சீனியை இன்றைக்கே ஒன்றாக்குங்கள். அதற்கு ஒரு டொக்டரும் தேவையில்லை.

தாதி அன்ரி, தெஹிவளை

சாந்தி மகள், நான் கொழும்பில் கண் வார்ட்டில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். டொக்டர் இல்லை. ஆனால் இந்த வருத்தத்தோடு வந்த நிறையப் பேருக்குக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கி வையுங்கள். ஒரு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்திருந்தாலும் உலர் வகையை அப்படியே நிறுத்தும் மருந்து யாரும் தந்திருக்க மாட்டார்கள். இனிமேல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

அழற்சி என்ற கதை பொய் இல்லை. விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் கலங்கள் தினமும் தங்கள் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும். கீழே இருக்கும் ஒரு மெல்லிய படை அந்தக் கழிவை விழுங்கிச் சுத்தப்படுத்தும். வயது போகப் போக அந்த வேலை தளர்ந்து, கழிவு மஞ்சள் புள்ளிகளாக அடியில் தேங்கும். ட்ரூசன் என்பார்கள், ஸ்கானில் அம்மாவுக்குக் காட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளிகளைச் சோதித்தபோது கொழுப்போடு சேர்ந்து நம் நோயெதிர்ப்புச் சக்தியின் புரதங்களும் உள்ளே இருந்தன. 2005இல் ஒரே நேரத்தில் பல ஆய்வுக் குழுக்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தன. அந்த நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு மரபணுவில் சின்ன மாற்றம் இருப்பவர்களுக்கு இந்த வருத்தம் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே மெல்லிய, ஓயாத அழற்சி இதில் இருக்கிறது. அது சாப்பாட்டால் மட்டும் வருவது இல்லை. வயது, பரம்பரை, சிகரெட் மூன்றும் முன்னால் நிற்கின்றன. சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து இரண்டு முதல் நாலு மடங்கு.

சரி, சாப்பாடு. ரொட்டர்டாமிலும் பிரான்சிலும் ஏறத்தாழ 5,000 முதியவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. மரக்கறி, பழம், பருப்பு வகை, மீன், ஒலிவ் எண்ணெய் என்று மத்தியதரைக் கடல் பக்கத்து முறையை நன்றாகக் கடைப்பிடித்தவர்களுக்கு, முற்றிய நிலை வரும் ஆபத்து மற்றவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 1,278 பேரை 18 வருஷம் பார்த்த இன்னொரு ஆய்வில், பதப்படுத்திய இறைச்சி, பொரித்தது, வெள்ளை மாவு, இனிப்பு என்று சாப்பிட்டவர்களுக்கு முற்றிய நிலை மூன்று மடங்காக இருந்தது. ஆரம்ப நிலையில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. முற்றிய நிலைக்குப் போனவர்கள் மொத்தமே 27 பேர்தான் என்பதையும் தங்கச்சிக்குச் சொல்லுங்கள். அந்த மூன்று மடங்கு என்ற எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்கக்கூடாது.

நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மனதில் தைத்தது கீரை நின்ற கதைதான். சாப்பாடு கண்ணைக் கெடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் கண்தான் சாப்பாட்டைக் கெடுத்திருக்கிறது. வார்ட்டில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண் மங்கிய மனுஷி முதலில் விடுவது மீன் முள் எடுப்பதும் கீரை ஆய்வதும்தான். அந்த இடத்துக்குப் பாணும் பிஸ்கட்டும் வந்து உட்காரும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் கண் சரியாக இருக்கும்போதே ஆட்களைச் சேர்த்துப் பல வருஷம் பின்தொடர்கின்றன. வருத்தம் வந்த பிறகு "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் எது முன், எது பின் என்று தெரியாது.

ஆகவே கீரையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதை அம்மா கையாலேயே கொண்டுவாருங்கள். முருங்கையிலைக்குக் கண் தேவையில்லை. நெட்டை இடது கையில் பிடித்து, வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு, இலை எல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிடும். பழகிய விரலுக்கு அது மனப்பாடம். புழு பார்ப்பதை நீங்கள் செய்யுங்கள். உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் பெரும்பாலானது மிதந்துவிடும். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, பசளி எல்லாம் நல்லது. 'பொன் ஆம் காண் நீ' என்று அந்தப் பெயருக்கே பொருள் சொல்லிப் பொன்னாங்காணியைக் கண்ணுக்கு நல்லதென்று நம் பாட்டிமார் தந்தார்கள். கரும்பச்சை இலைகளில் இருக்கும் லூட்டின், சீயாசாந்தின் என்ற இரண்டும்தான் மக்குலாவின் மஞ்சள் நிறமே. அவற்றை நம் உடம்பு தானாகச் செய்யாது, சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். முட்டை மஞ்சட்கருவில் இருப்பது நன்றாகச் சேரும், அம்மா தொடுவதில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவித்த மஞ்சள் சோளம் கொடுக்கலாம்.

தேங்காய்க்கு வருகிறேன். லூட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். வறையில் போடும் ஒரு பிடி தேங்காய்ப்பூ அந்த வேலையைச் செய்கிறது, அதை எடுக்காதீர்கள். மூன்று வேளையும் கட்டிப்பால் கறி என்றால் குறையுங்கள், அதில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு இதயத்துக்கும் நல்லதில்லை. அடுத்தது மாஜரின், ஜாம். அந்தக் காலைச் சாப்பாட்டை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. சிவப்பரிசிமாப் புட்டு, அவித்த கடலை, பயறு, ஒரு பப்பாசித் துண்டு போதும். மஞ்சள் கறியில் இருக்கட்டும். மஞ்சள் தண்ணீர் குடித்து மக்குலா திரும்பியதை நான் கண்டதில்லை. இழந்த பார்வையை எந்தச் சாப்பாடும் திருப்பித் தராது. மிச்சம் இருப்பதை நீண்ட நாள் வைத்திருக்க உதவும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

கப்சூல் விஷயம். இடைநிலை என்று டொக்டர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2001இல் வெளியானது. இடைநிலையில் இருந்தவர்கள் வைட்டமினும் சிங்கும் சேர்ந்த ஒரு கலவையை எடுத்தபோது ஐந்து வருஷத்தில் முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்து ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தது. 2013இல் வெளியான இரண்டாவது ஆய்வோடு கலவையைத் திருத்தினார்கள். பழையதில் இருந்த பீட்டா கரோட்டின், சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதால் அதை எடுத்து, லூட்டின் 10 மில்லிகிராம், சீயாசாந்தின் 2 மில்லிகிராம் சேர்த்தார்கள். மிச்சம் வைட்டமின் சீ 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு, சிங்க் 80, செம்பு 2 மில்லிகிராம். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். கண்ணுக்கு என்று விற்கும் எல்லாவற்றிலும் இந்த அளவு இருக்காது. சிங்க் வயிற்றைப் புரட்டும், சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். அம்மா குடிக்கும் மற்ற மருந்துகளை டொக்டருக்குக் காட்டிக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்பரின் குடிக்கிறவர் என்றால் கீரையையும் திடீரென்று கூட்டக்கூடாது. மீன் எண்ணெய்க் குளிசையால் அந்த இரண்டாவது ஆய்வில் மேலதிகப் பலன் தெரியவில்லை, ஆகவே சைவம் என்று கவலைப்பட வேண்டாம். வருத்தம் இல்லாதவருக்கு இந்தக் கப்சூல் உதவியதாகக் காட்டவில்லை. உங்களுக்கு வேண்டாம். நீங்கள் அம்மாவோடு உட்கார்ந்து அதே கீரையைச் சாப்பிட்டு, வருஷம் ஒருமுறை கண்ணுக்குள் மருந்து விட்டுப் பரிசோதியுங்கள்.

பிரகாஷ் தம்பி சொன்ன சீனிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்தே வருவது உண்டு.

நிஸாம், மருதானை

சாந்தி சிஸ்டர், தாதி அன்ரி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வாப்பாவுக்கு நடந்தது இது.

வாப்பாவுக்கும் உலர் வகைதான் என்றார்கள். நாங்கள் நல்ல பிள்ளைகள் மாதிரி எல்லாவற்றையும் மாற்றினோம். இறைச்சி குறைந்தது, சாளையும் சூடையும் வந்தது, வல்லாரைக் கஞ்சி தினமும். அந்தத் திருப்தியில் கிளினிக்குக்குப் போவதை ஆறு மாதம் தள்ளிவிட்டோம். ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, "பள்ளித் தரையில வரிசையா நிக்கிற சஃப் கோடு நெளிஞ்சு கிடக்கு, புதுசாப் போட்டவன் சரியாப் போடல்ல" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வலது கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். உலர் வகை ஈர வகையாக மாறியிருந்தது. புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகிறதாம். கண்ணுக்குள் ஊசி போடத் தொடங்கினார்கள், முதல் மூன்று மாதமும் மாதம் ஒன்று. கசிவு நின்றது. ஆனால் அந்த இரண்டு கிழமையில் போன பார்வை முழுதாக வரவில்லை. கோடு நெளிகிறது என்று சொன்ன அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கீரை கொடுங்கள். அதோடு ஒவ்வொரு நாளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர்கோடு ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். வாப்பாவுக்கு அப்படித்தான் தெரியாமல் போனது.

தாதி அன்ரி, தெஹிவளை

நிஸாம் மகன் எழுதியதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள். இதற்கென்றே அம்ஸ்லர் கட்டம் என்று ஒரு சதுரக் கட்டத்தாள் இருக்கிறது, நடுவில் ஒரு புள்ளி. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ ஒரு பக்கம் அழிந்தாலோ அன்றைக்கே டொக்டர். தாள் கையில் இல்லாவிட்டால் ஜன்னல் கிறில் போதும். சாந்தி, இன்றைக்கே செய்து பாருங்கள்.

சாந்தி, வெள்ளவத்தை

எழுதிய எல்லோருக்கும் என் மனம் நிறைந்த நன்றி. தங்கச்சிக்கும் இந்தத் திரியை அப்படியே அனுப்பினேன். அவள் அழுதுகொண்டே கோல் எடுத்தாள். இனிப் பட்டியல் அனுப்பமாட்டாள், கப்சூலுக்குக் காசு தான் தருவதாகச் சொல்கிறாள். டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சீனி பார்க்க இரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கையிலை இரண்டு கட்டு வாங்கி வந்தேன். பல்கனியில் பாய் போட்டு, வெள்ளைத் துணி விரித்து அம்மா மடியில் இலைக் கட்டுகளை வைத்தேன். முதல் நெட்டைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே இழுப்பு. அவர் முகம் என் பக்கமே இருந்தது, கை தன்பாட்டில் ஓடியது. ஊரில் எங்கள் கிணற்றடி முருங்கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இரண்டு கட்டையும் முடித்துவிட்டு, "இவ்வளவும்தானா?" என்று கேட்டார். மத்தியானம் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு வறை வைத்தேன். இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இன்று காலை அன்ரி சொன்னபடி ஜன்னல் கிறிலைக் காட்டினேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார், எல்லாம் நேர் என்றார். வலது கண்ணை மூடச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நடுக் கம்பி இரண்டும் உள்ளுக்கு வளைந்திருக்கிறது என்றார். நான் கிட்டப் போய்க் கையால் தடவிப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் இருக்கிறது.

டொக்டரின் நம்பருக்கு உடனே எடுத்தேன். ஞாயிறு என்றாலும் பதில் தந்தார்கள். ஊசி தேவைப்படலாம், ஸ்கான் பார்த்துத்தான் சொல்ல முடியும், நாளைக் காலை ஏழரைக்கு முதல் ஆளாகக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒஃபிஸில் லீவு சொல்லிவிட்டேன். அம்மா பயப்படுகிறார், ஆனால் வருகிறேன் என்கிறார். நிஸாம் அண்ணா, ஊசி போடும்போது வாப்பாவுக்கு நோவு எப்படி இருந்தது என்று இன்று இரவுக்குள் எழுத முடியுமா? அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.